அம்மாக்காரி எங்க போனா?

ஒரு குழந்தை வீட்டுக்குள் அடிபட்டது என்று செய்தி வந்தால் நம்மூரில் முதலில் கிளம்பும் கேள்வி ஒன்றுதான். பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை ஓரம் நின்று பேசினாலும் சரி, கிள்ளானில் கோயில் அன்னதானப் பந்தியில் உட்கார்ந்து பேசினாலும் சரி, கேள்வி மாறுவதில்லை. “அம்மாக்காரி எங்க போனா?” அடித்தவன் யார், இதற்கு முன் எத்தனை தடவை அடித்தான், பக்கத்து வீட்டில் யாருக்கெல்லாம் சத்தம் கேட்டது என்பதெல்லாம் அப்புறம். பல சமயம் அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை.

இந்தக் கேள்வியை இலக்கிய வாசிப்பின் பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன். ஏனென்றால் வம்புப் பேச்சாகத் தெரிந்தாலும் இது ஒரு கதைசொல்லும் முறை. யாரை நடுவில் நிறுத்துவது, யாரை இருட்டில் விடுவது என்று அது முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. அடித்தவனை வெள்ளம்போல, இடிபோல, யாரும் எதுவும் கேட்க முடியாத ஒன்றாக ஆக்கிவிடுகிறது. பிறகு அந்த வெள்ளத்தில் குழந்தையைக் கைநழுவ விட்டவளைத் தேடிக் கிளம்புகிறது.

என் வாதம் சுருக்கமானது. வன்முறை நடக்கும் வீட்டில் அம்மாவாக இருப்பது ஒரு வேலை. ஒவ்வொரு மணி நேரமும் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டிய வேலை. அந்த வேலையை நம் எழுத்து இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. அம்மாவைக் கும்பிடுகிறது, இல்லையென்றால் கூண்டில் ஏற்றுகிறது. அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று மட்டும் கேட்பதில்லை.

இரண்டு அம்மாக்கள்

மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு, அதுவும் போட்டிக் கதைகளை வாசிக்கிறவர்களுக்கு, இரண்டு அம்மாக்கள் நன்றாகத் தெரிந்திருக்கும். முதலாமவள் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போகிறவள். குடித்துவிட்டு வரும் கணவனிடம் அடிவாங்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுது, பிள்ளைகளைப் படிக்கவைத்து, கடைசிப் பத்தியில் மகன் பட்டம் வாங்கும்போது செத்துப்போகிறவள். இரண்டாமவள் சீரியல் பார்க்கிறவள், போனில் பேசிக்கொண்டே இருக்கிறவள், இன்னொருவனோடு போய்விட்டவள். அவள் பிள்ளைதான் குண்டர் கும்பலில் சேர்கிறான். ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்ற பழமொழியை ஐந்து பக்கத்துக்கு இழுத்தால் இந்த இருவரும் கிடைத்துவிடுவார்கள்.

முதலாமவளுக்கு மாலை, இரண்டாமவளுக்குச் செருப்பு. பார்த்தால் எதிரெதிர்போலத் தெரியும். ஆனால் இருவரையும் ஒரே அச்சில்தான் வார்த்திருக்கிறார்கள். இருவருமே யோசிப்பதில்லை. பொறுத்துப்போவது ஒருத்தியின் குணம், கைவிடுவது இன்னொருத்தியின் குணம். குணம் என்று சொல்லிவிட்டால் சூழ்நிலையைச் சொல்ல வேண்டிய அவசியம் எழுத்தாளருக்கு இல்லாமல் போகிறது. வீட்டு வாடகை யார் கட்டுகிறார்கள், அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் யார் அலமாரியில் இருக்கின்றன, அவளுடைய அம்மா வீட்டில் எத்தனை அறை, அண்ணி என்ன சொல்வாள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு? இவை எதுவும் கதைக்குள் வருவதில்லை. ஆனால் அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் ராத்திரி பதினொரு மணிக்கு யோசிப்பது இவற்றைத்தான்.

ஒரு குடம் தண்ணீர்

இந்த அச்சைத் தமிழில் ஒருவர் எப்போதோ உடைத்துப் பார்த்திருக்கிறார். ஜெயகாந்தன் 1966-இல் ஆனந்த விகடனில் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ நம்மில் பலர் படித்த கதை. மழை நாளில் காரில் வந்த ஒருவனால் கெடுக்கப்பட்டு ஒரு கல்லூரிப் பெண் வீடு திரும்புகிறாள். அம்மா விதவை. முதலில் பதறுகிறாள், அடிக்கிறாள். அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும்போது சமாளிக்கிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள்.

அந்தக் காலத்தில் இந்தக் கதையைச் சுற்றி நடந்த சண்டை முழுக்கக் கற்பைப் பற்றியது. ஜெயகாந்தன் அதோடு விடவில்லை. அந்த அம்மா வேறு மாதிரி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டு ஒரு நாவலே எழுதினார். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ 1970-இல் புத்தகமாக வந்தது, 1972-க்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது, 1977-இல் பீம்சிங் இயக்கத்தில் படமாகவும் வந்தது. நாவலில் அம்மா வாய்விட்டுக் கதறிவிடுகிறாள். ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அண்ணன் கங்காவை வெளியே தள்ளுகிறான். அடைக்கலம் தருவதாக வரும் மாமாவே அவளை வேட்டையாடப் பார்க்கிறார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று தெரிகிறது. அதே பெண், அதே அம்மா, அதே சம்பவம். மாறியது அம்மாவின் குரலின் உயரம் மட்டும்தான். குரலை அடக்கிக்கொண்டால் மகளுக்கு ஒரு வாழ்க்கை, அடக்க முடியாமல் போனால் இன்னொரு வாழ்க்கை. வழக்கமாக இதை ‘அம்மாவின் கையில்தான் எல்லாம் இருக்கிறது’ என்று வாசிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அம்மாவின் குரலைத் தவிர அந்தப் பெண்ணைத் தாங்க அந்த ஊரில் வேறு எதுவுமே இல்லை என்பதைத்தான் இரண்டு கதைகளும் சேர்ந்து சொல்கின்றன. போலீஸ் இல்லை, தோழி இல்லை, தனி அறை இல்லை. மகனின் சம்பளத்தில் சாப்பிடும் விதவை, மகனை எதிர்த்து எவ்வளவு தூரம் போக முடியும்?

அதேநேரம் முதல் கதையின் அம்மாவை முழுசாகக் கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. அவள் ஊற்றிய தண்ணீருக்கு ஒரு விலை உண்டு: யாரிடமும் சொல்லக் கூடாது. காரில் வந்தவனைத் தேடி யாரும் போகவில்லை. அந்த மௌனம் மகளுக்குக் கூரையாகவும் இருக்கிறது, மூடியாகவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற கண்தான் இந்த விஷயத்தில் வாசகருக்கு வேண்டியது.

‘தெரிந்தும்’ என்ற சொல்

கதைகள் இருக்கட்டும். சட்டத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம், வாசிக்க வேண்டும். 1990-இல் இரண்டு வயதைச் சற்றே தாண்டிய ஒரு குழந்தை கொடுமைக்கு ஆளாகி இறந்தது மலேசியாவையே உலுக்கியது. அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அடுத்த ஆண்டே குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் 1991 இயற்றப்பட்டது. பிறகு அதன் இடத்தில் சிறார் சட்டம் 2001 வந்தது.

சிறார் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை யார் என்று வரையறுக்கிறது. பெற்றோரே அடித்தால், அந்தக் குழந்தை. அதற்கடுத்து இன்னொரு வகை: பெற்றோரோ காப்பாளரோ காயத்தைப் பற்றித் தெரிந்தும் காப்பாற்றாமல் விட்டால், அல்லது காப்பாற்ற மாட்டார் என்று தோன்றினால், அந்தக் குழந்தையும். 31-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. துன்புறுத்துவது மட்டுமல்ல, துன்புறுத்த விடுவதும் குற்றம். 2016-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அதற்கான தண்டனை 50,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

சட்டம் ‘பெற்றோர்’ என்றுதான் சொல்கிறது, ‘அம்மா’ என்று சொல்லவில்லை. ஆனால் அப்பா அடிக்கும் வீட்டில் ‘தெரிந்தும் விட்டவர்’ யாராக இருக்க முடியும்? பொதுவான சொல்லுக்குள் ஒரு சேலை ஒளிந்திருக்கிறது.

இதே நாட்டில் இன்னொரு சட்டம் இருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டம் 1994. 1982-இல் தொடங்கப்பட்ட பெண்கள் உதவி அமைப்பு, அதன் பிறகு வந்த மற்ற பெண்கள் இயக்கங்கள் எல்லாம் வருஷக்கணக்கில் போராடி வாங்கிய சட்டம். 1994-இல் நிறைவேறியும் 1996 ஜூன் மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. 2017-இல் திருத்திய பிறகு, நீதிமன்றம் போகாமலே சமூகநல அதிகாரி ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்க முடிகிறது. இந்தச் சட்டத்தின் கண்ணில் அடிவாங்கும் பெண் பாதிக்கப்பட்டவள். சிறார் சட்டத்தின் கண்ணில் அதே பெண், அதே ராத்திரி, சந்தேகத்துக்குரியவள். ஒரு பெண்ணுக்கு இரண்டு கோப்பு.

அதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. காப்பாளர் சட்டத்தை 1999-இல் திருத்தும்வரை, பிள்ளைக்குக் காப்பாளர் என்ற முதல் உரிமை அப்பாவுக்குத்தான். அம்மாவுக்குச் சமமான உரிமை வந்ததே அந்தத் திருத்தத்தோடுதான். அதாவது பல காலம் அவளுக்குக் காப்பாளர் என்ற அதிகாரம் கிடையாது, காப்பாற்றவில்லை என்ற பழி மட்டும் உண்டு.

இது நம்மூர்ச் சிக்கல் மட்டும் இல்லை. நியூயார்க்கில் கணவனிடமோ காதலனிடமோ அடிவாங்கிய அம்மாக்களிடமிருந்து, ‘குழந்தை வன்முறையைப் பார்க்க நேர்ந்தது’ என்ற காரணத்துக்காகவே நகரத்தின் சிறார் நல நிர்வாகம் பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு போனது. அதை எதிர்த்து நிக்கல்சன் என்ற அம்மாவின் பெயரில் 2000-இல் வழக்குத் தொடுத்தார்கள். ஒரு குழந்தை வன்முறையைப் பார்த்தது என்பதை மட்டும் வைத்து அம்மா அலட்சியமாக இருந்தாள் என்று முடிவு கட்ட முடியாது என 2004-இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அவள் என்ன செய்தாள், எது அவளுக்குச் சாத்தியமாக இருந்தது, வெளியேறினால் என்ன ஆபத்து என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றது. ஒரு நல்ல நாவலாசிரியரிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

‘தெரிந்தும்’ என்ற சொல்லைச் சட்டத்திலிருந்து எடுத்துவிடு என்று நான் சொல்ல வரவில்லை. தெரிந்துகொண்டே பிள்ளையைப் பலிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள், குழந்தைக்குச் சட்டம் வேண்டும். ஆனால் தெரிவதற்கும் முடிவதற்கும் நடுவில் ஒரு பெரிய தூரம் இருக்கிறது. சட்டம் அந்தத் தூரத்தை ஒரு சொல்லில் தாண்டிவிடும். இலக்கியம் தாண்டக் கூடாது. அதன் இடமே அந்தத் தூரம்தான்.

அம்மாவின் அடி

அந்தத் தூரத்தில் என்ன நடக்கிறது? அமெரிக்கத் தத்துவவாதி சாரா ரடிக் 1989-இல் எழுதிய ஒரு நூலில், தாய்மையை உணர்ச்சியாகப் பார்க்காமல் ஒரு வேலையாகவும் ஒருவகைச் சிந்தனையாகவும் பார்த்தார். அந்த வேலைக்கு மூன்று கட்டாயங்கள்: பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும், வளர வேண்டும், ஊர் ஏற்றுக்கொள்ளும்படி இருக்க வேண்டும். சாதாரண வீட்டிலேயே இந்த மூன்றும் ஒன்றோடொன்று முட்டும். வன்முறை இருக்கும் வீட்டில் இவை ஒன்றையொன்று தின்னும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அப்பா வேலை முடிந்து வரும் நேரம். பிள்ளை தரையில் விளையாட்டுச் சாமான்களைப் பரப்பி வைத்திருக்கிறான், சத்தம் போடுகிறான். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அம்மா ஓடிவந்து பிள்ளையின் முதுகில் இரண்டு வைக்கிறாள். “வாய மூடு, போய்ப் படு.” வெளியிலிருந்து பார்த்தால் அம்மாவும் அடிக்கிறாள். உள்ளே நடந்த கணக்கு வேறு. தான் அடித்தால் இரண்டு அடியோடு போகும், அவன் அடித்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. பிரிட்டனில் லொரெய்ன் ராட்ஃபோர்டும் மரியான் ஹெஸ்டரும் 2006-இல் வெளியிட்ட, குடும்ப வன்முறையினூடே தாய்மை பற்றிய நூல் பேசுவதும் இப்படிப்பட்ட வாழ்க்கையைத்தான். அடிப்பவன் மனைவியை மட்டும் தாக்குவதில்லை. அவள் அம்மாவாக இருப்பதையும் சேர்த்தே தாக்குகிறான். பிள்ளைகள் முன்னால் அவளை முட்டாளாக்குகிறான், அவள் வைத்த விதியை உடைக்கிறான், பிள்ளையை உளவு பார்க்க வைக்கிறான்.

பிள்ளைக்கு என்ன நினைவிருக்கும்? அம்மாவின் அந்த இரண்டு அடி நினைவிருக்கும். கணக்கு நினைவிருக்காது. கணக்கை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று பழமொழி சொல்லி இதை மூடிவிடுவது நமக்குச் சுலபம். அந்தக் கையை அடிக்க வைத்தது எது என்று எழுதுவதுதான் கஷ்டம்.

லயமும் பிளாட்டும்

இந்தக் கணக்கைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் போடுகிறவளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தோட்டத்தில் அம்மா மரம் வெட்டப் போனபோது கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் இருந்தது. லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். ஒரு வீட்டில் அடி விழுந்தால் பத்து வீட்டுக்குக் கேட்கும். இதைச் சொர்க்கமாக்க வேண்டாம். கேட்டவர்கள் பெரும்பாலும் “புருஷன் பொண்டாட்டி விஷயம்” என்று திரும்பிப் படுத்தவர்கள்தான். ஆனால் நாலு அடி தள்ளி ஓடி நிற்க ஒரு வாசல் இருந்தது.

தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறின. பிராங் பெசார் தோட்டத்தின் மேல் புத்ராஜெயாவே எழுந்தது. சனம் புறம்போக்குக்கு வந்தது, அங்கிருந்து 650, 700 சதுர அடி மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தது. இரும்புக் கதவு, மேலே பூட்டு, லிஃப்ட் வேலை செய்தால் உண்டு. அம்மாவுக்கு இருந்த அந்த வாசல் போய்விட்டது. பிள்ளை வளர்ப்பைப் பத்துப் பேர் பார்த்த இடத்திலிருந்து ஒரே ஒருத்தியின் பொறுப்பாக அது சுருங்கியது. பழியும் அவளோடு சேர்ந்து அந்த வீட்டுக்குள் குடிவந்தது.

இந்த இடப்பெயர்ச்சியைத் திரையில் மிக நேர்மையாகக் காட்டிய படம் சஞ்ஜய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015). மலாய்ச் சொல் ‘ஜஹாட்’டை நம்மவர்கள் சொல்லும் விதம்தான் தலைப்பு. தொண்ணூறுகளின் தொடக்கம், தோட்டத்தை விட்டு வந்த ஒரு குடும்பம், அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். படிப்புதான் கரையேற்றும் என்று நம்பி மகனை அடிக்கும் அப்பா, குண்டர் கும்பலில் ஒரு சித்தப்பா, போதையிலிருந்து மீளப் பார்க்கும் இன்னொருவர். 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வானது. அந்தப் பெருமைக்கு அது முழுத் தகுதியானது. அப்பாவின் அடியை வில்லத்தனமாகக் காட்டாமல், பயத்திலிருந்து வரும் அடியாக அது காட்டுகிறது. நம் சினிமாவில் அது அபூர்வம்.

ஆனால் அந்தப் படத்தின் பாரம் முழுக்க மூன்று சகோதரர்களும் ஒரு பையனும் சுமப்பது. அம்மா வீட்டில் இருக்கிறாள், கதையில் இல்லை. அப்பா ஏன் அடிக்கிறார் என்று நமக்குப் புரிகிறது. அடி விழும்போது அம்மா எதை எண்ணிக்கொண்டிருந்தாள் என்று புரிவதில்லை. படத்தின் குறை என்று இதைச் சொல்வதைவிட, நம் கதைசொல்லலின் பழக்கம் என்று சொல்வேன். ஆண்களின் வன்முறைக்கு வரலாறு உண்டு, தோட்டம் உண்டு, வறுமை உண்டு. அம்மாவின் மௌனத்துக்கு மட்டும் வரலாறு கிடையாது.

எதிர்ப்பக்கம் ராணி மாணிக்கா ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ரைஸ் மதர்’ (2002) நாவல். பதினாலு வயதில் இலங்கையிலிருந்து மலாயாவுக்குக் கல்யாணமாகி வரும் லட்சுமி. இங்கே அடிக்கிற புருஷன் இல்லை, அவர் சாது. ஜப்பானியர் காலத்தில் மூத்த மகளைப் பறிகொடுத்த பிறகு லட்சுமியின் ஆத்திரம்தான் வீட்டைச் சுடுகிறது. நாவலில் மிகையான உணர்ச்சி நிறைய உண்டு, சில இடங்களில் அலுப்பும் தட்டும். ஆனால் அதன் வடிவம் ஒரு முக்கியமான காரியம் செய்கிறது. கதையைப் பலர் மாறி மாறிச் சொல்கிறார்கள். அம்மா சொல்லும்போது அவள் போராளி. பிள்ளைகள் சொல்லும்போது அவள் வேறொருத்தி. யார் சொல்வது சரி என்று நாவல் தீர்ப்பு எழுதுவதில்லை. அடிபட்ட பிள்ளையின் சாட்சியத்தை அம்மாவின் நியாயம் அழித்துவிடவில்லை, அவளுடைய நியாயத்தைப் பிள்ளையின் வலியும் அழித்துவிடவில்லை. தமிழில் இந்த விஷயத்தை எழுத நினைப்பவர்கள் இந்த வடிவத்திடமிருந்து ஏதாவது திருடலாம்.

பெரியாச்சியின் மடியில் கிடப்பவள்

நம்மிடமே ஒரு பழைய பிம்பம் இருக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குழந்தை பிறந்து முப்பதாம் நாளையொட்டிப் பெரியாச்சி அம்மனுக்குப் படைப்பது நமக்குப் பழக்கமான சடங்கு. அந்தச் சிலையை நின்று பார்த்திருக்கிறீர்களா? காலடியில் ஓர் அரசன் மிதிபட்டுக் கிடக்கிறான். மடியில் அரசி, வயிறு கிழிந்த நிலையில். உயர்த்திய ஒரு கையில் பத்திரமாக ஒரு குழந்தை.

கதைக்குப் பல வடிவம் உண்டு. பொதுவாகச் சொல்லப்படுவது: கொடுங்கோலன் ஒருவன், அவன் மனைவிக்குப் பிரசவம், குழந்தை மண்ணைத் தொட்டால் கேடு என்று ஒரு வாக்கு. மருத்துவச்சியாக வந்த பெரியாச்சி குழந்தையை மண் படாமல் ஏந்துகிறாள். அவளையே கொல்ல வந்த அரசனை அவள் கொல்கிறாள். அரசியையும்.

இந்தச் சிலை என்னை இரண்டு விதமாகத் தொந்தரவு செய்கிறது. குழந்தையைக் காப்பாற்றுபவள் பெற்றவள் இல்லை. பிரசவம் பார்க்க வந்த வெளி ஆள். பிள்ளையைக் காப்பது அக்கம்பக்கத்தின் வேலையும்தான் என்று நம் சனம் என்றோ தெரிந்து வைத்திருந்த மாதிரி இருக்கிறது. இன்றைக்கு அந்த இடத்தில் நிற்க வேண்டியவர்கள் பள்ளி ஆசிரியர், கிளினிக் தாதி, மாடிப்படி எதிர்வீட்டு ஆண்டி. குழந்தையின் உடம்பில் சந்தேகமான காயத்தைப் பார்க்கும் மருத்துவர் சமூகநல அதிகாரிக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சிறார் சட்டமும் சொல்கிறது.

இரண்டாவது தொந்தரவு அந்த அரசி. அவள் என்ன செய்தாள்? கொடியவனின் மனைவியாக இருந்தாள், அவன் பிள்ளையைப் பெற்றாள். அவ்வளவுதான். குழந்தை பிழைக்கும் கதையிலும் பெற்றவளுக்குத் தண்டனை உண்டு, கொடியவனுக்குக் கிடைத்த அதே தண்டனை. “அம்மாக்காரி எங்க போனா?” என்ற கேள்வியின் வேர் அங்கேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த அரசியின் பக்கத்திலிருந்து, பிரசவ வலியில் கிடந்தவளின் பக்கத்திலிருந்து, இந்தக் கதையை யாராவது எழுதினால் நான் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

பிள்ளையின் கோபம்

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். அம்மாவின் கணக்கை எழுதப் போய், பிள்ளையை “அம்மாவைப் புரிந்துகொள்” என்று கட்டாயப்படுத்தும் கதைகளாக அவை முடிந்துவிடலாம். வளர்ந்த மகள் கடைசிப் பக்கத்தில் அம்மாவின் மடியில் விழுந்து அழ, எல்லாம் கரைந்துபோகும் கதை. அது பழைய மெழுகுவர்த்தி அம்மாவையே பின்வாசல் வழியாகக் கொண்டுவருவது.

அடிபட்ட பிள்ளைக்குக் கோபப்பட முழு உரிமை உண்டு. அடித்தவன்மேல் மட்டும் இல்லை, பக்கத்து அறையில் இருந்தவள்மேலும். இதை வாசிக்கிறவர்களில் சிலர் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்திருக்கலாம். அவர்களிடம் மன்னித்துவிடு என்று சொல்ல எந்த விமர்சகருக்கும் அதிகாரம் இல்லை. புரிந்துகொள்வதும் மன்னிப்பதும் வேறு வேறு. நல்ல கதை முதலாவதைச் செய்யலாம், இரண்டாவதைப் பிள்ளையிடமே விட்டுவிட வேண்டும்.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். கிள்ளான் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கட்டும். மடியில் தூங்கும் பையன், காலடியில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரங்கள், பள்ளிச் சீருடை ஒரு செட். 15999-ஐ அழுத்திவிட்டு மறுமுனை எடுப்பதற்குள் துண்டித்தவள். ரிப்போர்ட் கொடுத்தால் சமூகநல இலாகா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்று பயப்படுகிறவள். கொடுக்காவிட்டால் நாளைக்கு என்ன ஆகும் என்றும் தெரிந்தவள். அவளைத் தெய்வமாக்காமல், குற்றவாளியாக்காமல், அந்த நாற்காலியில் இருந்து அவள் எழும்வரை மட்டும் எழுதுங்கள். அவள் எந்தப் பக்கம் நடந்தாள் என்பதைக்கூட நீங்கள் சொல்ல வேண்டாம்.